அம்மா வீட்டுக்கு ஓர் அபாய மதிப்பீடு

1

என் அம்மா வீட்டில் மூன்று வாரம் தங்குவதற்காகப் பதினோரு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிக்கவில்லை. குற்றம் படிவத்தின் மேல் இல்லை, என் மேல்தான்.

குமரி மாவட்டத்துக் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து அபர்தீனுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், கட்டடங்களும் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கிற ஊர். கணவர் அஜினுக்குக் கடல் நடுவே எண்ணெய்த் தளத்தில் வேலை. மூன்று வாரம் கடலில் இருப்பார், மூன்று வாரம் வீட்டில். எனக்கு இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், கடலரிப்பை ஆராயும் குழுவில் உதவியாளர் வேலை. மகள் இவாஞ்சலினுக்கு ஐந்தரை வயது. பள்ளியில் ஈவா, வீட்டில் இவா, ஞாயிற்றுக்கிழமை போனில் என் அம்மாவுக்கு மட்டும் முழுப்பெயர்.

போன மாதம் எங்கள் குழுத்தலைவர் என்னை அழைத்து, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் அளவெடுக்க ஒருவர் போக வேண்டும், நீதான் சரியான ஆள் என்றார். கடல் கரையைத் தின்னாமல் இருக்கக் கல்லைக் கொட்டி நீளமாகக் கட்டுகிறார்களே, நம் ஊரில் தூண்டில் வளைவு என்பார்கள், அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மணல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வட்டக்கோட்டைக்குக் கீழே தொடங்கி மேற்கே பன்னிரண்டு இடங்கள். எல்லாரும் கைகுலுக்கினார்கள். உன் சொந்த ஊருக்கே சம்பளத்தோடு போகிறாய், அதிர்ஷ்டசாலி என்றாள் பக்கத்து மேசைக்காரி. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அஜினின் வேலை நாட்களை எண்ணினேன்.

அந்த மூன்று வாரமும் அஜின் கடலில் இருப்பார். இவாவை நான் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பிறந்து எட்டு மாதத்தில் ஒருமுறை கூட்டிப் போனதோடு சரி. அதற்குப் பிறகு டிக்கெட், லீவு, பள்ளிக்கூடம், சளி என்று அம்மாவிடம் நான் சொன்ன காரணங்களை எண்ணினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

2

பல்கலைக்கழகத்தின் வேலையாக யார் வெளிநாடு போனாலும், மாணவரோ ஊழியரோ, முதலில் அபாய மதிப்பீடு செய்ய வேண்டும். எனக்குக் கன்னியாகுமரி வெளிநாடு. கணினியில் போகும் இடம் என்ற கட்டத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்ததும் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். தெருநாய்கள் உண்டா? உண்டு. குடிநீர் பாதுகாப்பானதா? எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எதை எழுதுவது என்று பத்து நிமிடம் யோசித்தேன். பயணிக்கு உள்ளூர் மொழி தெரியுமா? தெரியும் என்று எழுதிவிட்டு, இப்போதும் அப்படிச் சொல்லலாமா என்று சந்தேகம் வந்தது. போன வருடம் எங்கள் ஊர்ப் பக்கம் கோட்டாற்றிலிருந்து வந்த ஒருவரிடம் பேசும்போது, 'அக்கா, நீங்க டிவியில பேசுகது மாதிரியில்லா பேசுதீங்க' என்று அவர் சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. உள்ளூர் பழக்கவழக்கங்கள் பற்றிய அறிமுக வகுப்பில் கலந்துகொண்டாரா? இல்லை. சாலைப் பயணம்? நம் ஊர்ப் பேருந்துகள் வளைவுகளில் திரும்புகிற அழகை ஆங்கிலத்தில் அலுவலக நடையில் எழுதுவது எளிதல்ல. முயன்றேன்.

பயணப் பாதுகாப்பு அலுவலர் ஐலீன் நல்ல பெண். அறுபதை நெருங்குகிறவர். நான் எழுதியதை வரிவரியாக வாசித்து, நான் யோசிக்காததையெல்லாம் கேட்டார். பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வாய்? நகல் யாரிடம் இருக்கிறது? இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை யாருக்குச் செய்தி அனுப்புவாய்? அனுப்பாவிட்டால் அவர் யாரை அழைப்பார்? பிறகு, காப்பீடு எனக்கு மட்டும்தான், கூட வரும் பிள்ளைக்கு நானே தனியாக எடுக்க வேண்டும் என்றார். இவாவுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட். என் தாய் வீட்டுக்கு வர என் வயிற்றில் பிறந்தவளுக்கு விசா வேண்டும். அதற்குப் புகைப்படத்தில் சிரிக்கக் கூடாது என்று அவளுக்குப் புரியவைக்க மூன்று கடை ஏறி இறங்கினோம்.

'நீங்கள் வீட்டுக்குப் போவதாக நினைக்கிறீர்கள்,' என்றார் ஐலீன். 'வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் கவனக்குறைவாக இருப்பார்கள்.'

எட்டாம் பக்கத்தில், உடன் வருபவரின் உடல்நிலை. நான் எழுதினேன்: மகளுக்கு முந்திரிப்பருப்பு கடும் ஒவ்வாமை. மூச்சடைத்தால் உடனே குத்த எப்போதும் இரண்டு அட்ரினலின் ஊசிப் பேனா உடன் இருக்கும். அதற்குக் கீழே ஒரு கேள்வி. தங்குமிடத்தில் இருப்பவருக்கு இது தெரிவிக்கப்பட்டுள்ளதா? ஆம் என்று குறியிட்டேன். குறியிட்டதும் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் திறந்தது. தெரிவித்த தேதி.

அங்கேதான் நிற்கிறேன்.

3

என் அம்மா தங்கபாய் அண்டியாபீஸில் வேலை பார்க்கிறார். முந்திரிக்கொட்டையை அண்டி என்போம், அதை உடைத்துப் பருப்பெடுக்கும் கம்பெனி அண்டியாபீஸ். முப்பத்தோரு வருடமாக அம்மா அங்கே தோலுரிக்கும் பகுதியில் இருக்கிறார். பருப்பின் மேலிருக்கும் மெல்லிய சிவப்புத் தோலை, பருப்பு உடையாமல் விரலால் உருட்டி எடுக்க வேண்டும். உடைந்தால் தரம் போயிற்று. நான் எம்.எஸ்சி. வரை படித்தது அந்த விரல்களால். அப்பா நான் பிளஸ் டூ படிக்கையில் இறந்துவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு பொதி வரும். அம்மாவின் பொதியில் முழுப்பருப்பு மட்டும்தான் இருக்கும். ஓரம் சிதைந்தது, நிறம் மங்கியது ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. அஜின் கடலில். ஊருக்குப் போய்த் திரும்பிய லில்லி என்ற நர்ஸ் பொதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நான் பிரித்து ஒரு கிண்ணத்தில் கொட்டினேன். இரண்டரை வயது இவா ஒன்றை எடுத்தாள், கடித்தாள், இன்னொன்றை எடுத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் அவள் உதடு தடித்தது. வாயைச் சுற்றிச் சிவந்தது. நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கொல்லாமரம், அதாவது முந்திரி மரம், நிற்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் இது விளங்கும். பச்சை அண்டியைப் பல்லால் கடித்து, அதன் பால் பட்டு உதடு வெந்துபோகாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. எனக்கு நாலு முறை வெந்திருக்கிறது. அதற்கு ஒரே மருந்து தேங்காய் எண்ணெய். தேய்த்துவிட்டு, அழாதே என்று ஓர் அதட்டுப் போட்டால் சாயங்காலத்துக்குள் சரியாகும்.

நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். வறுத்து, உரித்து, சுத்தம் செய்த பருப்பில் ஏது பால்? வேதியியல் படித்தவள் நான். ஆனால் கை போத்தலுக்குத்தான் போயிற்று. உதட்டில் தேய்த்து, மடியில் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தேன். கால் மணி நேரம். அவள் வாந்தி எடுத்தாள். குரல் மாறியது. அழுகை சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டினார். உள்ளே வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆம்புலன்ஸை அழைத்தவர் அவர்தான்.

மருத்துவமனையில் எத்தனை நேரமாக இப்படி என்று கேட்டார்கள். இப்போதுதான் என்று சொன்னேன்.

பிழைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். நான் அந்த வாக்கியத்தைத் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் போனில், பிள்ளை ஏன் வாடியிருக்கிறாள் என்று அம்மா கேட்டபோது, பிள்ளைகள் காப்பகத்தில் என்னத்தையோ தின்று கொஞ்சம் உடம்புக்கு ஆகாமல் போய்விட்டது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். அனுப்பிய பருப்பு எப்படி என்று கேட்டார். நல்லா இருந்துது என்றேன். இவா? அவளும் கேட்டு வாங்கித் தின்றாள் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அம்மா உடைந்துவிடுவார் என்று நினைத்தேன் என்று சொல்வேன். முக்கால்வாசி உண்மை. மீதி, எண்ணெய்ப் போத்தலைப் பற்றி யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அஜினிடம்கூட ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னேன்.

அதன் பிறகும் பொதிகள் வந்தன. ஆறோ ஏழோ. பிரிக்காமல் கையுறை போட்டு எடுத்துப் போய் ஆய்வகத்தில் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு முறையும், நல்லா இருந்துதும்மா.

4

படிவம் மேலே போகாததால் மற்ற ஏற்பாடுகளைச் செய்தேன். கவலைப்படுகிறவர்களுக்கு ஏற்பாடு ஒரு போதை. ஊசிப் பேனாக்கள் வெயிலில் கெட்டுவிடும், குளிர்பெட்டியிலும் வைக்கக் கூடாது என்பதால் அதற்கென்று ஒரு பை வாங்கினேன். நம் ஊர் மருந்துக் கடைகளில் இந்தப் பேனா கிடைப்பது அரிது என்று ஒவ்வாமை மருத்துவர் நான்காக எழுதிக் கொடுத்தார். விமானத்தில் கையோடு வைத்துக்கொள்ள ஒரு கடிதம், அதற்கு மூன்று நகல். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் எவ்வளவு நேரம் என்று வரைபடத்தில் பார்த்தேன். நான் பிறந்த ஆஸ்பத்திரி. வரைபடம் இருபத்திரண்டு நிமிடம் என்றது. வரைபடத்துக்குத் திங்கள்சந்தை நெரிசல் தெரியுமா என்று தெரியவில்லை.

இவாவையும் தயார் செய்ய வேண்டியிருந்தது. இங்கே அவள் கெட்டிக்காரி. யார் எதை நீட்டினாலும், இதில் பருப்பு இருக்கிறதா என்று ஆங்கிலத்தில், ஸ்காட்லாந்துப் பிள்ளைகளின் இழுப்போடு கேட்டுவிடுவாள். தமிழில் அந்தக் கேள்வி அவளிடம் இல்லை. தினமும் குளிக்கும்போது சொல்லித்தந்தேன். எனக்கு அண்டிப்பருப்பு ஆகாது. எனக்கு அண்டிப்பருப்பு ஆகாது. அவள் சொல்வதைக் கேட்டால் ஏதோ பாட்டுப் போல இருக்கிறது. அதைக் கேட்டு யார் கையை இழுத்துக்கொள்ளப் போகிறார்கள்?

ஊரில் பிள்ளைகளுக்குக் கையில் கொடுப்பதில்லை, வாயில்தான் வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை என்றால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் வைப்பார்கள். ஏழு வயதில் கோயில் அசனத்தில், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், ஒரு மாமி ஊட்டிய உருண்டையை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியதற்கு, வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடித்தார். பெரியவங்க கைய தட்டப்பிடாது என்பது எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தது. இப்போது நான் என் மகளுக்கு அந்தக் கையைத் தட்டக் கற்றுக்கொடுக்கிறேன்.

'பாட்டி கொடுத்தாலுமா?' என்று கேட்டாள் இவா, ஆங்கிலத்தில்.

பாட்டி கொடுத்தாலும் என்றேன். பிறகு அது சரியான பதிலா என்று அன்று முழுக்க யோசித்தேன். பாட்டி என்றால் ஆபத்து என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்துவிட்டால்?

நாகர்கோவிலில் ஓட்டலில் தங்கலாமே என்றார் ஐலீன். அபாயம் குறையும். நியாயமான யோசனை. அம்மா வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஓட்டல் அறை எடுத்துத் தங்கிவிட்டு, வேலை அதிகம் என்று சொல்லலாம். அந்தப் பொய்யையும் மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டேன். பிறகு ஓட்டலில் காலையில் கேசரி வைப்பார்களே என்று ஞாபகம் வந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா வீட்டுக்கு வரும்போது எங்களுக்குக் காலை ஏழு மணி. வெள்ளைச் சேலையை மாற்றாமலேயே வீடியோவில் வருவார். இவா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவள் மாதிரி.

அம்மா சந்தோஷமாக இருந்தார். கட்டில் வாங்கியாயிற்று, இவாஞ்சலினுக்குக் கொசுவலையும் வாங்கியாயிற்று. பக்கத்து வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறார். நான் தாளைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன். இவாவுக்கு அண்டிப்பருப்பு ஆகாது. சும்மா ஆகாது இல்லை. ஒரு துண்டு வாயில் பட்டால் மூச்சு நின்றுவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு காப்பகத்தில் எதையோ தின்று முடியாமல் போயிற்று என்றேனே, அது பொய், பருப்புத் தின்றுதான்.

'எந்தப் பருப்பு?' என்றார் அம்மா.

'நீங்க அனுப்பினதுதான்மா. லில்லிக்க கையில குடுத்துவிட்டது.'

பின்னால் எங்கோ கோழி கத்தியது. அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

'அது நான் பொறுக்கினதுல்லா,' என்றார்.

நான் ஏதேதோ சொன்னேன். யார் மேலும் தப்பில்லை, யாருக்கும் தெரியாது, இது உடம்பின் வாகு, மருத்துவர் சொன்னார். ஐலீனுக்குச் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

'பெறவும் அனுப்பினேனே. எத்தன பொதி. அதெல்லாம் என்ன செஞ்ச?'

'வேலை பாக்கிற இடத்துல குடுத்தேன்.'

'பிள்ள கேட்டு வாங்கித் தின்னாண்ணு சொன்னியே, மக்களே.'

கோபத்திலும் மகளை மக்களே என்று அழைக்கிற ஊர் எங்களுடையது. நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

'இந்த மூணு வருசமா பிள்ளைய கொண்டு வராததும் இதுக்குத்தானா?'

ஆமாம் என்றேன்.

'சரி. வைக்கேன்,' என்றார். வைத்துவிட்டார்.

நான் அலுவலகக் கணினியைத் திறந்து தேதியை எழுதினேன். பிறகு அழித்தேன். தெரிவிப்பது என்றால் இதுதானா என்று சந்தேகமாக இருந்தது. பிறகு மறுபடியும் எழுதினேன்.

6

திங்கள் அழைத்தேன், எடுக்கவில்லை. செவ்வாய் எடுக்கவில்லை. என் செய்திகளை வாசித்த அடையாளம் மட்டும் விழுந்தது. அஜின் தளத்திலிருந்து பேசும்போது, அத்தை கோபத்தில் இருக்கிறார், நீ விடு, தானாக வருவார் என்றார். அஜினுக்கு எல்லாமே மூன்று வாரத்தில் சரியாகிவிடும். நான் அலை அட்டவணையைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். சொல்லாமலே கூட்டிப் போயிருக்கலாமோ, நானே கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா என்று ஒரு பக்கம் மனது சொன்னது. நான் கடற்கரையில் அளவெடுக்கும்போது யார் பார்ப்பார்கள் என்று இன்னொரு பக்கம்.

புதன்கிழமை மதியம் ஆய்வகத்தில் இருக்கும்போது வாட்ஸாப்பில் ஒன்பது குரல்பதிவுகள் வந்து விழுந்தன. அம்மாவுக்குத் தட்டெழுதத் தெரியாது. மாடிப்படிக்குக் கீழே, தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

முதலில் கேள்விகள். வறுத்தது மட்டும் ஆகாதா, பச்சையும் ஆகாதா? கொல்லாம்பழம்? எண்ணெய்? வாசம் பட்டால்? பிறகு ஒரு பட்டியல். கருங்கல் பேக்கரியில் எந்தெந்தப் பண்டத்தில் பருப்புத் தூளை மாவோடு கலக்கிறார்கள். கல்யாணப் பிரியாணியில் அரைத்து ஊற்றுவது, கண்ணுக்குத் தெரியாது. கேக்கின் மேல் தூவுவது எது, உள்ளே வைப்பது எது. அண்டியாபீஸிலிருந்து தவிட்டுத் தோலை வாங்கிப்போய் எந்த வீட்டு முற்றத்தில் காயப்போடுகிறார்கள், பிள்ளையை எந்தப் பாதையில் கூட்டிப் போகக் கூடாது. முந்திரிக்கொத்து மட்டும் பயமில்லாமல் கொடுக்கலாம், பேர்தான் முந்திரி, உள்ளே சிறுபயறு, ஆனாலும் கடையில் வாங்க வேண்டாம், ஒரே பாத்திரத்தில் வறுத்திருப்பார்கள், நானே செய்து கொடுப்பேன் என்றார். முப்பத்தோரு வருடம் அந்தப் பருப்போடு இருந்தவர். அது எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஒவ்வாமை மருத்துவருக்கும் தெரியாது, ஐலீனுக்கும் தெரியாது. நான் அப்படியே ஆங்கிலத்தில் எழுதிப் படிவத்தில் சேர்த்தேன். ஒரு பக்கம் போதவில்லை.

ஆறாவது பதிவில் வேறொரு செய்தி. செவ்வாய்க்கிழமை சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் எழுந்து நின்று ஜெப விண்ணப்பமாகச் சொல்லிவிட்டாராம். என் பேத்தி வருகிறாள், அவளுக்கு அண்டிப்பருப்பு ஆகாது, அவள் சுகமாக வந்து சுகமாகத் திரும்ப ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. வரும் ஞாயிறு சபையில் ஆண்களுக்கும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். 'எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. இனி அவ வாயில ஒருத்தியும் ஒண்ணும் வைக்கமாட்டா. வச்சா ஜெபத்துக்கு விரோதம்,' என்றார். ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்.

உள்ளூர் சமூகத்துக்கு எவ்வாறு தெரிவிக்கப்படும் என்று ஒரு கேள்வி படிவத்தில் உண்டு. ஆலய அறிவிப்பு மூலம் என்று எழுதினேன். ஐலீன் அதன் பக்கத்தில், மிகச் சிறப்பு என்று குறித்திருந்தார்.

ஒன்பதாவது பதிவு மிகச் சின்னது. 'எங்கிட்ட மறைச்சது எனக்கு இன்னும் ஆறல்ல, கேட்டியா. அது வேற. இது வேற.'

7

அடுத்த ஞாயிறு அம்மாவே அழைத்தார். இவா விழித்திருந்தாள். குளியலறையில் பழகிய வாக்கியத்தைப் பாட்டியிடம் ஒப்பித்தாள். அம்மா அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது, 'ஆகாதுண்ணு இழுக்காத, வெட்டிச் சொல்லு. அப்பம்தான் பயப்படுவாங்க,' என்று திருத்தினார். இவா வெட்டிச் சொன்னாள். எனக்கே பயமாக இருந்தது.

அவள் பொம்மையை எடுக்க ஓடியதும் அம்மா குரலைத் தணித்து, அண்ணைக்கு நீ என்ன செஞ்ச, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனியா என்று கேட்டார்.

இதையும் மறைத்திருக்கலாம். கேள்வியிலேயே பதில் இருந்தது, ஆமாம் என்றால் முடிந்தது. நான் எண்ணெய்ப் போத்தலைப் பற்றிச் சொன்னேன். கால் மணி நேரம் பாட்டுப் பாடியதைச் சொன்னேன். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், நடக்கவில்லை.

அம்மா திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தார்.

'நானும் எண்ணெதான் தேச்சிருப்பேன்,' என்றார். 'இங்க எவளும் அததான் செய்வா. ஊசி எங்ஙன போடணும்ணு காட்டு.'

பயிற்சிக்கென்று ஊசியில்லாத ஒரு பேனா என்னிடம் உண்டு. கேமரா முன்னால் பிடித்துக் காட்டினேன். நீல மூடியை இழு, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கம் வைத்து அழுத்து, துணிக்கு மேலேயே குத்தலாம், எண்ணிக்கொண்டு பிடித்திரு, பிறகு ஆஸ்பத்திரி. அம்மா நீல மூடி போட்ட ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொண்டார், ஒரு பச்சைப் பப்பாளியை மடியில் வைத்துக்கொண்டார். முதல் முறை தலைகீழாகப் பிடித்தார். இதற்குள் திரும்பி வந்துவிட்ட இவா, திரைக்குள் விரலை நீட்டி, நோ பாட்டி, நீலம் மேலே, என்றாள். ஆறாவது முறை பப்பாளியில் பால் வடிந்தது. ஒருவேளை தேவையில்லாமல் குத்திவிட்டால் பிள்ளைக்குக் கெடுதல் உண்டா என்று கேட்டார். குத்தாமல் யோசித்துக்கொண்டு நிற்பதுதான் கெடுதல் என்றேன். தலையாட்டினார்.

மேற்பார்வையாளரிடம் மூன்று வாரம் லீவு கேட்டிருக்கிறாராம். நான் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்து, கேட்க நா எழாமல் இருந்த விஷயம். முப்பத்தோரு வருடத்தில் பிரசவத்துக்கும் அப்பா சாவுக்கும் தவிர அத்தனை நாள் லீவு எடுத்ததில்லை. கிடைக்கும்போலத் தெரிகிறது. நீங்கள் வருவதற்கு முந்தின நாள்வரை வேலைக்குப் போவேன், சும்மா இருந்தால் கிறுக்குப் பிடிக்கும் என்றார். வேலைச் சேலைகளை எல்லாம் தனியாக மூட்டை கட்டி வெளியே வைத்துவிடுவாராம். பாயை மாற்றியாயிற்று, அலமாரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவியாயிற்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பேச்சு முடிந்ததுபோல இருந்தார். ஆனால் வைக்கவில்லை. கைகளை விரித்துத் தானே பார்த்துக்கொண்டார். பெருவிரல், ஆள்காட்டி விரல் நகங்களைச் சுற்றி எப்போதும் இருக்கும் கறை.

'எட்டி,' என்றார். என்னை அப்படி அழைத்துப் பல வருடம் ஆகிறது. 'நான் பிள்ளையத் தொடலாமா?'

பதினோரு பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் நான் போன வாரமே மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தேன். கேட்கும்போது அம்மா என்று சொல்லாமல், வீட்டில் ஒருவர் என்று சொல்லியிருந்தேன். வெறும் தண்ணீர் போதாது, கைக்குத் தடவும் திரவமும் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும் என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

'எத்தன தடவ?'

'ஒரு தடவ போதும்மா.'

'ரெண்டு தடவ கழுவுவேன்,' என்றார் அம்மா. 'பிள்ளைக்கு ஒண்ணு. உனக்கு ஒண்ணு.'